வடிகட்டியில் இருக்கும் துரு எத்தனை நாள் தாங்கும்?

மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் ஒரு வீட்டு அடிபம்புத் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது, வாடையே இல்லை. ஆனால் சோதனைக் காகிதம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிட்டது. ஆர்சனிக் என்ற நச்சு. "நாங்கள் வடிகட்டித்தானே குடிக்கிறோம்" என்றார் அந்த வீட்டு அம்மா. சரி என்று வடிகட்டிய தண்ணீரையும் சோதித்தேன். அதிலும் காகிதம் மஞ்சளானது. ஆர்சனிக்கைப் பிடிக்க உள்ளே போட்டிருந்த துருத் துகள்களை மாற்றி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டலில், இரும்பு ஆக்சைடோடு, அதாவது துருவோடு, ஒட்டிக்கொண்டு வந்ததுதான் இந்த ஆர்சனிக். பூமிக்கடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில், மக்கிய இலைதழைகளைத் தின்னும் நுண்ணுயிரிகள் அந்தத் துருவைக் கரைத்துவிடுகின்றன. பிடி விட்டதும் ஆர்சனிக் தண்ணீரில் கலக்கிறது. அதனால் வரும் தோல் நோயை 1983இல் கொல்கத்தா மருத்துவர்கள் அடையாளம் கண்டார்கள். வருஷக்கணக்கில் குடித்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயும் வரலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். கொதிக்க வைத்தாலும் ஆர்சனிக் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

விட்ட பிடியை மறுபடி கொடுப்பதுதான் வடிகட்டிக்குள் இருக்கும் நானோ இரும்பு ஆக்சைடின், அதாவது மிக நுண்ணிய துருவின், வேலை. துகள் சிறுக்கச் சிறுக்க, ஆர்சனிக் ஒட்ட இடம் பெருகும். ஃபெரிஹைட்ரைட் என்ற துரு வகையில் ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு கிடைக்கும். இவ்வளவு நுண்ணிய பொடியை அப்படியே போட்டால் தண்ணீரோடு போய்விடும், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு இதை இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானுக்குள் பொதிந்து மணிகளாக்கியது. அம்ரித் என்ற அந்தத் தொழில்நுட்பம் இப்போது ஊர்களில் பயன்பாட்டில் இருக்கிறது.

ஆய்வகத்தில் சுத்த நீரில் ஆர்சனிக்கைக் கலந்து, "99 சதவீதம் நீங்கியது" என்று காட்டுவது எளிது. ஆனால் வங்கத்து நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் ஆர்சனிக் ஒட்ட வேண்டிய அதே இடங்களுக்குப் போட்டி போடும். ஆர்சனிக் தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும்; அங்கே பெரும்பாலும் இருப்பது மூன்று இணைதிறன் ஆர்சனிக். அதற்கு மின்னூட்டம் இல்லாததால் சரியாக ஒட்டாது. முதலில் மாங்கனீசு டை ஆக்சைடு போன்ற ஒன்றால் அதை நன்றாக ஒட்டும் ஐந்து இணைதிறன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. ஆகவே வடிகட்டி வாங்குகிறவர்கள் உங்கள் ஊர்த் தண்ணீரில் எத்தனை லிட்டர் தாங்கும் என்று கேளுங்கள். இடம் நிறைந்துவிட்டால் நிறமோ ருசியோ காட்டிக்கொடுக்காது, சோதித்தால்தான் தெரியும்.

அப்புறம், கழித்த துகள்கள். அந்த அம்மா அவற்றைக் குளத்தில் கொட்டலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். குளத்துச் சேற்றிலும் ஆக்சிஜன் கிடையாது. துரு அங்கேயும் கரையும், ஆர்சனிக் மறுபடி தண்ணீருக்கு வரும். காற்றுப் படும் இடத்தில், மழை படாமல் மேலே கூரை போட்ட ஒரு தொட்டியில் சேர்த்து வைக்கச் சொன்னேன். புதுத் துகள் போட்ட தேதியை வடிகட்டியின் மேலேயே பெயின்ட்டால் எழுதிவிட்டு வந்தோம்.