குடிவரவாளர்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் தலைக்கு மேலே 'குடிவரவு' என்று பலகை தொங்கும். அதற்குக் கீழே நின்றுகொண்டே "இமிகிரேசன் லைன் நீளம்" என்று வீட்டுக்குப் போன் எடுப்போம். 'இமிகிரேசன்' லத்தீன் வழி வந்த சொல். 'மிக்ராரே' என்றால் இடம் மாறுதல். முன்னால் ஒட்டிய 'இம்' உள்ளே வருவதைக் காட்டும்.

இலங்கையில் திணைக்களத்தின் பெயரே குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். வருகிறவர் குடிவரவாளர். சிங்கப்பூர், மலேசியாவில் குடிநுழைவு. தமிழ்நாட்டுச் செய்திகளில் குடியேறி. எல்லாவற்றுக்கும் வேர் 'குடி'.

இலங்கையின் கிழக்கே, எங்கள் பக்கத்தில் அந்த வேர் இன்னும் பச்சையாக இருக்கிறது. காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்னும்போது அது குடியிருப்பு. கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்ன குடிக்கு என்னும்போது தாய்வழி வம்சம். தமிழரோ முஸ்லிமோ, பிள்ளை தாயின் குடிதான். 'குடியேறி' இங்கே சரிவராததற்கும் காரணம் உண்டு. 1949இல் கல்லோயாத் திட்டம் என்ற அரசின் நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம் தொடங்கிய அம்பாறையில் குடியேற்றம் என்றால் காணியும் கொலனியும்தான் ஞாபகம் வரும். 'வந்தேறி' வசை, அதை விடுவோம். 'அகதி' வேறு: போக்கிடம் அற்றவர், 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனம் வரையறுத்த ஆள்.

சரி, குடிவரவாளர் பிள்ளைகளின் கல்வி உரிமைக்கு வருவோம். சுவிசில் இருக்கும் மகளிடம் மாமி கேட்டார்: "விசாவே முடிவாகல்ல, புள்ளைய எப்பிடிப் பள்ளிக்கூடத்தில எடுத்தாங்க?" குடியுரிமை இருந்தால்தான் படிப்பு என்று நினைத்துவிட்டார். சுவிஸ் அரசியலமைப்பின் 19ஆம் உறுப்புரை இலவச அடிப்படைக் கல்வியை உறுதிசெய்கிறது. குடியுரிமை அதற்கு நிபந்தனை இல்லை. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனமும் 26ஆம் உறுப்புரையில் கல்வியை 'ஒவ்வொருவருக்கும்' என்றே சொல்கிறது.

அமெரிக்காவில் 'குடிமகனுக்கா, ஒவ்வொருவருக்குமா' என்ற இதே சொல் விஷயம் வழக்காகவே வந்தது. டெக்சஸின் டைலர் நகரில், சட்டப்படி அனுமதி பெறாமல் நாட்டுக்குள் வந்த பிள்ளைகளிடம் அரசுப் பள்ளியில் படிக்க ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 டொலர் கேட்டார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் அதை 5க்கு 4 என்ற கணக்கில் தள்ளியது. சட்டத்தின் சமமான பாதுகாப்பை அரசியலமைப்பு 'குடிமகனுக்கு' என்று எழுதவில்லை, எல்லைக்குள் இருக்கும் 'எந்த ஆளுக்கும்' என்றே எழுதியிருந்தது.

இந்தப் பிள்ளைகளைச் செய்தியில் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்று எழுதுகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை என்ன சட்டத்தை மீறியது? 'ஆவணமற்ற குடிவரவாளர்' என்று எழுதலாம். கொஞ்சம் நீளம்தான்.