கட்டுப்பாடாக இருப்பது குற்றமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் குடும்ப வன்முறை பற்றி நோட்டீஸ் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி: ‘கட்டுப்பாடான நடத்தையும் வன்முறையே.’ பக்கத்தில் இருந்த பாட்டி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “கட்டுப்பாடா இருந்தா தப்பாப்பா?” என்றார். இந்தத் தொடரை நான் பார்ப்பது இது மூன்றாவது தடவை.

ஆங்கில மூலம் ‘கன்ட்ரோலிங் பிஹேவியர்.’ இந்நாட்டின் 1998 குடும்ப வன்முறைச் சட்டத்திலேயே எட்டிப்பார்த்த சொல். 2021 திருத்தம் அதை விரித்து வரையறுத்தது. ஒருவரை உற்றார் உறவிலிருந்து பிரிப்பது, அவர் காசைச் சுரண்டுவது, அன்றாடம் எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்று ஆணையிடுவது எல்லாம் அதில் அடங்கும். இதில் கட்டுப்பாடு எங்கே வந்தது?

கன்ட்ரோல் என்பது இடைக்கால லத்தீனில் கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த எதிர்ச்சுருள், அதாவது கணக்கின் இன்னொரு பிரதி. சரி, அது அவர்கள் கதை. நம்முடையது கட்டு, படு. படு என்றால் உட்படுவது. கட்டுப்பாடானவன் தானே கட்டுக்குள் நிற்பவன். பெண் கொடுக்கத் தேடும் மாப்பிள்ளை! அடுத்தவரைக் கட்டுவதற்குக் ‘கட்டுப்படுத்து’ என்ற பிறவினை இருக்கிறது. தன்வினை எது பிறவினை எது என்று பாராமல் அகராதியில் முதலில் கிடைத்ததை ஒட்டிவிடுகிறார்கள்.

‘ஆட்டிப்படைத்தல்’ என்கிறார் நண்பர் ஒருவர். காதுக்கு இனிமைதான். ஆனால் பசியும் ஆட்டிப்படைக்கும், பேயும் ஆட்டிப்படைக்கும். கணக்குப் போட்டுச் செய்கிற ஆள் அதில் காணாமல் போகிறான். ‘கட்டுப்படுத்தும் நடத்தை’ பிழையில்லை, ஆனால் போக்குவரத்துப் போலீஸ்காரரும் அதைத்தான் செய்கிறார். என் தேர்வு ‘அடக்கியாளல்’. யார் யாரை என்று கேட்க வைக்கும் சொல்.

அடித்தவர்கள் சொல்லும் சமாதானத்திலும் இதே குளறுபடி. ‘கட்டுப்பாட்டை இழந்துவிட்டேன்’ என்று எழுதுகிறார் மொழிபெயர்ப்பாளர். மேலதிகாரி திட்டும்போது இழக்காத கட்டுப்பாடு, கதவு சாத்திய வீட்டுக்குள் மட்டும் எப்படித் தொலைகிறது? கோபப்படுவது வேறு, கட்டுப்பாட்டை இழப்பது வேறு என்று இந்நாட்டு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே 2002இல் ஈடி என்பவரின் வழக்கில் பிரித்துக் காட்டியது; அது சாலைத் தகராறில் நடந்த கொலை.

தமிழும் இந்த ஆண்களுக்கு இடம் கொடுக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘எனக்குக் கோபம் வந்துவிட்டது’, ‘ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது’: எழுவாய் கோபம், ஆத்திரம். அவன் வெறும் ‘எனக்கு’. ஆனால் அடித்ததைச் சொல்ல நம் வீடுகளில் ‘கை நீட்டினான்’ என்றுதான் சொல்வோம். அதில் கையும் அவனுடையது, நீட்டியதும் அவன். நோட்டீஸ் போடுகிறவர்கள் அதையே அச்சடிக்கலாம், பாட்டிக்கும் புரியும்.