வெல்ல தோசை ஏன் கல்லை விட மாட்டேன் என்கிறது?

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில், முதல் நாள் மாவு அரைக்க மறந்துபோனால் மறுநாள் காலை வெல்ல தோசைதான். ஒரு கப் கோதுமை மாவு, கால் கப் அரிசி மாவு, முக்கால் கப் வெல்லம், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், ஏலக்காய், சுக்கு. புளிக்க வைக்கும் வேலை இல்லை. ஆனால் சாதா தோசையைக் கண்ணை மூடிக்கொண்டு வார்ப்பவர்கள்கூட இதில் தடுமாறுவார்கள். முதல் தோசை கல்லோடு ஒட்டிக் கந்தலாகும். இரண்டாவது வெளியே கருகி, உள்ளே பச்சை மாவாகவே இருக்கும். நான் அப்படி ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அத்தை எட்டிப் பார்த்து, "சாதா தோசைக்குக் காய வைக்கிற மாதிரி வச்சா இப்படித்தான். சிம்ல வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சர்க்கரையில் இருப்பதேதான். ஆனால் பாபநாசம் பக்கம் வீரமாங்குடி போன்ற ஊர்களில் அச்சு வெல்லத்துக்காகக் கரும்புச்சாற்றைக் கொப்பரையில் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சும்போது, அதில் ஒரு பங்கு உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகிவிடும். இந்த இரண்டும் மாவுப் புரதத்தின் அமினோ அமிலங்களோடு நேரடியாக வினைபுரியக்கூடியவை. உடையாத சுக்ரோஸால் அது முடியாது. 1912இல் லூயி கமில் மெய்யார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த இந்த வினைதான் தோசையைச் சிவக்க வைத்து மணம் தருகிறது. சுமார் 140 டிகிரி செல்சியஸில் அது வேகம் பிடிக்கும். இன்னும் சூடேறி 160ஐத் தாண்டினால் சுக்ரோஸே உருகிக் கருகத் தொடங்கும். ஃபிரக்டோஸ் அதற்கும் வெகு முன்னாலேயே, 110 டிகிரியை ஒட்டியே நிறம் மாறும்.

வெளியே இத்தனை அவசரம் என்றால், உள்ளே நேர்மாறு. மாவு வேகிறது என்பது, ஸ்டார்ச் மணிகள் தண்ணீரை இழுத்து உப்பிக் குழைவதுதான். வெல்லம் அந்தத் தண்ணீரைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்வதால், ஸ்டார்ச் குழைய வழக்கத்தைவிடக் கூடுதல் வெப்பம் தேவைப்படுகிறது. மேலே கருகி நடுவில் வேகாமல் போவது இதனால்தான். மெல்லிய தீயும் ஒரு மூடியும் போதும். மூடிக்குள் தங்கும் ஆவி மேற்பக்கத்தை வேக வைத்துவிடும்.

கல்லின் பதம் பார்க்க நாம் தெளிக்கும் தண்ணீரும் இங்கே வேறு விதமாகப் பேசும். துளி முத்தாகி உருண்டோடினால், கல் ஏறக்குறைய 200 டிகிரியைத் தொட்டிருக்கும். துளிக்குக் கீழே உருவாகும் ஆவிப்படலம் அதைத் தூக்கி நிறுத்துகிறது. 1756இல் இதை எழுதி வைத்த ஜெர்மானியர் லைடன்ஃபிராஸ்ட்டின் பெயரில்தான் இன்றும் இதைச் சொல்கிறார்கள். வெல்ல தோசைக்கு அது அபாயச் சங்கு. துளி பரவி, 'சொய்ங்' என்று கொதித்து அடங்கினால் போதும், ஊற்றலாம்.

ஒட்டுவதற்குக் காரணம் உருகிய சர்க்கரையின் பசைத்தன்மை. ஊற்றியவுடனே தோசைத் திருப்பியைச் செருகினால் கிழியும். அடிப்பக்கத்து ஈரம் போய்ப் பொருக்கு கட்டியதும் ஓரம் தானாகக் கிளம்பும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரு தோசை எடுத்ததும் கல்லில் தங்கிய வெல்லக் கறையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தோசைக்கு அதுவே கோந்து.

மாவு கரைப்பதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, ஆற வைத்து ஊற்ற வேண்டும். 60 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால், அது பட்ட இடத்து ஸ்டார்ச் அங்கேயே வெந்து கட்டி தட்டிவிடும். கோதுமை மாவை இழுபட வைக்கும் குளூட்டன் என்ற புரதம் அரிசி மாவில் கிடையாது என்பதால் ஓரம் ரப்பராகாமல் முறுகும்.

ஏலக்காயை முன்கூட்டியே பொடித்து டப்பாவில் வைப்பது வீண். சினியோல் முதலான அதன் மணப்பொருள்கள் காற்றில் ஓடிப்போகிறவை. சுக்கு அப்படியல்ல. இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரப்பொருளில் ஒரு பங்கு ஷோகால் ஆகிறது. காரம் அதில் அதிகம். இரண்டின் மணமும் கொழுப்பில் நன்றாகக் கரையும். எண்ணெயைவிட நெய் விடுவது என் கட்சி.

முறுகல் வேண்டுமானால் கல்லிலிருந்து நேரே தட்டுக்குப் போக வேண்டும். ஃபிரக்டோஸ் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது; சற்று நேரத்திலேயே ஓரம் துவண்டுவிடும். ஆனால் அத்தை, ஊருக்குப் போகிறவர்களுக்கென்று ஐந்தாறு தோசைகளை வேண்டுமென்றே அடுக்கி, வாழையிலையில் கட்டி வைப்பார். சாயங்காலம் பிரித்தாலும் அவை மெத்தென்று இருக்கும்.