சிலை திரும்பி வர வேண்டுமானால் பதிவேடு பேச வேண்டும்

கோயில் அறங்காவலர்களுக்கும் செயல் அலுவலர்களுக்கும் சட்ட ஆலோசனை சொல்வது என் தொழிலின் ஒரு பகுதி. சிலை காணாமல் போனதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "வெளிநாட்டுக்குப் போயிருந்தா சட்டப்படி மீட்க முடியுமா சார்?" முடியும். அதற்கு நம் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்பதுதான் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி.

பண்பாட்டுச் சொத்துகளுக்கான சர்வதேசச் சட்டம் போரை மனத்தில் வைத்துத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின் அழிவைப் பார்த்த பிறகு 1954இல் ஹேக் உடன்படிக்கை வந்தது. அமைதிக் காலத்துத் திருட்டுக்கும் கடத்தலுக்கும் விடை தேடியது 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை. இந்தியா இதை 1977இல் ஏற்றது. கோயில், அருங்காட்சியகம் போன்ற இடங்களிலிருந்து திருடிய பொருளை உறுப்பு நாடுகள் உள்ளே விடக் கூடாது; பறிகொடுத்த நாட்டு அரசு கேட்டால் மீட்டுக் கொடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. காணாமல் போன பொருள் அந்த நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் ஆவணமாகியிருக்க வேண்டும். நம் கோயில்கள் பல சறுக்குவது இங்கேதான். அறநிலையத் துறைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொத்துப் பதிவேடு கட்டாயம் என்கிறது. பதிவேடும் இருக்கும். திறந்து பார்த்தால் "உற்சவர் அம்மன், பஞ்சலோகம், 1" என்று ஒரே வரி. உயரம் இல்லை, எடை இல்லை, படம் இல்லை. இந்த வரியை வைத்துக்கொண்டு எந்த நாட்டு நீதிமன்றத்தில் "இது எங்கள் அம்மன்" என்று நிரூபிப்பது?

பத்தூர் நடராஜர் வழக்கில் பதிவேடே கிடையாது. 1976இல் இடிந்து கிடந்த கோயிலுக்குப் பக்கத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சிலை அது. கைமாறி லண்டன் போய், 1982இல் ஒரு கனடா நிறுவனம் வாங்கியது. அதே இடத்தில் பிறகு கிடைத்த மற்ற உலோகத் திருமேனிகளோடு நிபுணர்கள் ஒப்பிட்டுச் சாட்சி சொன்னார்கள். இந்தியச் சட்டப்படி கோயில் ஒரு சட்ட நபர், அதாவது மனிதரைப் போலத் தன் பெயரில் வழக்காடும் உரிமை உள்ளது என்பதால், அது இங்கிலாந்திலும் வழக்காடலாம் என்று 1991இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. நடராஜர் அந்த ஆண்டே ஊர் திரும்பினார். பாழடைந்த ஒரு கோயிலுக்குக் கிடைத்த அந்தத் தீர்ப்பை இன்று படித்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் அந்த அளவு நிபுணர் சாட்சியம் எல்லா வழக்கிலும் அமையாது.

ஸ்ரீபுரந்தான் நடராஜரைக் காப்பாற்றியவை பழைய புகைப்படங்கள். 2006இல் திருடுபோன சிலை அது. 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. தொல்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டம் வருவதற்கு முன்பே நாட்டை விட்டுப் போனது போலக் காட்டும் போலித் தாள்கள் கூடவே இருந்தன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில்களில் எடுத்து வைத்திருந்த படங்களோடு ஒப்பிட்டதும் அந்தத் தாள்கள் செல்லாக் காசாயின. 2014இல் சிலை இந்தியாவிடம் வந்து சேர்ந்தது.

அதே ஆய்வு நிறுவனக் காப்பகத்தின் 1957ஆம் ஆண்டுப் படம் ஒன்று ஆக்ஸ்போர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருந்த திருமங்கையாழ்வார் சிலையைத் தமிழ்நாட்டின் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலோடு சேர்த்துக் காட்டியது. அருங்காட்சியகம் அதை ஏலத்தில் வாங்கியது 1967இல். 1970 உடன்படிக்கை முன்தேதியிட்டுச் செல்லாது. சட்டம் பேசியிருந்தால் "முடியாது" என்று சொல்லியிருக்கலாம். ஆனாலும் திருப்பித் தர 2024இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. சட்டம் எட்டாத இடத்திலும் ஒரு படம் மனசாட்சியை அசைக்கிறது. எதிர்காலம் இந்தத் திசையில்தான் போகிறது என்பது என் கணிப்பு.

ஆதாரம் படமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கம்போடியாவில் கோ கெர் கோயில் வளாகத்திலிருந்து வெட்டியெடுத்த துரியோதனன் சிலையின் பாதங்கள் பீடத்திலேயே நின்றுவிட்டன. 2011இல் நியூயார்க் ஏலத்துக்கு வந்த உடல் அந்தப் பாதங்களோடு பொருந்தியது. அமெரிக்க அரசே வழக்குப் போட, சமரசம் ஏற்பட்டு, 2014இல் சிலை தாய்நாடு சேர்ந்தது.

அடுத்த பெரிய மாற்றம், நிரூபிக்கும் பொறுப்பு வாங்குபவர் பக்கம் நகர்வது. தனியார் சட்டங்களை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான யுனிட்ராய்ட்டின் 1995ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, திருட்டுப் பொருள் யார் கையில் இருந்தாலும் திருப்பித் தர வேண்டும். உரிய விசாரணை செய்துதான் வாங்கினேன் என்று காட்டினால் மட்டுமே இழப்பீடு. இந்தியா இன்னும் அதில் சேரவில்லை. இவ்வளவு பறிகொடுத்த நாடு ஏன் வெளியே நிற்கிறது? சேர வேண்டும் என்று உரக்கவே கேட்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல், வெளியிலிருந்து வரும் 250 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருள்களுக்கு இறக்குமதி உரிமம் வேண்டும். பிறந்த நாட்டிலிருந்து முறைப்படி வெளியேறியதாகக் காட்ட வேண்டியது கொண்டுவருபவரின் வேலை.

இனி நம் வேலை. பல கோயில்களில் படம் என்று நீட்டுவது திருவிழா அலங்காரத்தில் எடுத்தது. பட்டு, மாலை, கவசம், சந்தனக்காப்பு எல்லாம் சேர்ந்து திருமேனியை மறைத்திருக்கும்; அடையாளம் காண எதுவும் மிஞ்சாது. அபிஷேகம் முடிந்து வஸ்திரம் சாத்துவதற்கு முன் சில நிமிடங்கள் கிடைக்கும். குருக்களிடம் முன்கூட்டிப் பேசி, ஆகமத்துக்குக் குறை வராமல், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். முன்புறம் மட்டும் போதாது. முதுகு, பீடத்தின் துளைகள், திருவாசியில் உடைந்த சுடர், விரலில் தேய்மானம், வார்ப்பில் விழுந்த குழி, பற்றவைத்த தடம் எல்லாம் வேண்டும். ஒரே அச்சில் வார்த்தது போலத் தெரியும் இரண்டு சிலைகளைப் பிரித்துக் காட்டுபவை இந்தக் குறைகள்தான். உயரம், அகலம், எடை, படம் எடுத்த தேதி ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்றிக் கையொப்பமிட்டு, இன்னொரு பிரதியை ஊருக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

காணாமல் போனது தெரிந்தால் "ஊர் மானம் போகும்" என்று ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அன்றே புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள், படங்களை இணைத்து, சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கும் நகல் அனுப்புங்கள். இன்டர்போலின் திருட்டுக் கலைப்பொருள் தரவுத்தளத்தில் தனிநபரோ கோயிலோ நேராகப் பதிய முடியாது. நாட்டின் காவல்துறை வழியாகத்தான் அது ஏறும். வெளிநாட்டில் ஒரு சிலையை வாங்க நினைப்பவர் முதலில் தேடிப் பார்ப்பது இதுபோன்ற தரவுத்தளங்களில்தான்.