‘வெகுஜன சிகிச்சை’ என்று எழுதாதீர்கள்

மலேரியாத் துண்டறிக்கைகளில் ‘வெகுஜன சோதனை மற்றும் சிகிச்சை’ என்ற தொடர் வந்துகொண்டே இருக்கிறது. இடம் போதாவிட்டால் ‘வெகுஜன சிகிச்சை’ என்று சுருக்கியும் விடுகிறார்கள். முதலாவது பிழை, இரண்டாவது ஆபத்து.

ஆங்கில மூலம் ‘மாஸ் டெஸ்டிங் அண்டு ட்ரீட்மென்ட்’. ‘மாஸ்’ லத்தீன் ‘மாசா’ வழி வந்தது. பிசைந்த மாவுக்கட்டி, திரள். ‘மலேரியா’ இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. நமக்குக் குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல்.

‘வெகுஜனம்’ வடமொழி ‘பகுஜன’த்தின் தமிழ் வடிவம், பலர் என்று பொருள். வெகுஜனப் பத்திரிகை என்றால் சாதாரண மக்கள் படிப்பது. இந்த முறைக்கோ பலர் போதாது, ஊரில் ஒருவர் விடாமல் வேண்டும். வீட்டு எண் போட்டுப் பட்டியல் எடுத்து, காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் விரலில் குத்தி, கிருமி இருந்தால் கோடு காட்டும் அட்டைச் சோதனையில் 5 மைக்ரோலிட்டர் ரத்தம் விட்டுப் பார்க்கிறார்கள். கிருமி தெரிந்தவருக்கு மட்டுமே மருந்து. ‘ரத்தம் எடுக்க வந்திருக்காவ’ என்று நம் ஊர்ப் பெண்கள் சொல்வது அந்தத் துண்டறிக்கையைவிடத் தெளிவாக இருக்கிறது.

யானைக்கால் மாத்திரை கொடுப்பது வேறு முறை. சோதனையே இல்லாமல், கைக்குழந்தை, கர்ப்பிணி, கடும் நோயாளி நீங்கலாக எல்லாருக்கும் மருந்து. மலேரியாவுக்கும் அப்படி ஒரு முறை உண்டு. ‘வெகுஜன சிகிச்சை’ என்று எழுதினால் இரண்டில் எது? 2022இல் உலக சுகாதார நிறுவனம், பரவலைக் குறைக்க எல்லாரையும் சோதித்து மருந்து தரும் முறை வேண்டாம் என்று நிபந்தனையுடன் சொன்னது. சோதிக்காமல் எல்லாருக்கும் தரும் முறையைச் சில சூழல்களுக்கு நிபந்தனையுடன் பரிந்துரைத்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ‘வேண்டாம்’ ‘வேண்டும்’ ஆகிவிடும். இதைக் கவனிக்காத மொழிபெயர்ப்பாளர் மருத்துவக் குறிப்பைத் தொடக்கூடாது.

வேண்டாம் என்றதன் காரணமும் ‘சோதனை’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஒரு மைக்ரோலிட்டரில் ஏறக்குறைய 100, 200 கிருமிகளுக்குக் கீழே போனால் அட்டை பெரும்பாலும் காட்டாது. அப்படிக் குறைந்த கிருமி உள்ளவர் நலமாக நடமாடிக்கொண்டே கொசுவுக்குக் கிருமி கொடுப்பார். வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி வகை ஈரலில் உறங்கினால் ரத்தத்தில் தடயமே இருக்காது. சோதனை நாளில் ஆட்டுக்கிடைக்குப் போனவர், கோயில் கொடை முடிந்து மும்பைக்கு ரயிலேறியவர் விடுபடுவார்கள். ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகைக்கான அட்டையோ குணமான பின்னும் சில வாரம் கோடு காட்டும்.

‘மக்கள்திரள் சோதனை’ என்பாரும் உண்டு. தூய தமிழ்தான், ஆனால் திரள் என்றதும் ஓரிடத்தில் கூடிய கூட்டம் நினைவுக்கு வரும். ‘சோதனையும் சிகிச்சையும்’ என்றால் ‘உம்’ இரண்டையும் சமமாக்கி, இரண்டும் எல்லாருக்கும் என்று காட்டிவிடும்.

‘ஊர்முழுச் சோதனைவழிச் சிகிச்சை’ என்பேன். ‘ஊர்முழு’ யாரைச் சோதிப்பது என்று சொல்கிறது, ‘வழி’ மருந்து யாருக்கு என்று சொல்கிறது. சோதிக்காமல் தருவதற்கு ‘ஊர்முழு மருந்தளிப்பு’. நீளம் என்று குறைப்படுபவர்கள் ‘ஊர்முழுச் சோதனை’ என்று நிறுத்திக்கொள்ளட்டும். ‘சோதனை’யை மட்டும் வெட்டக்கூடாது. வைவாக்ஸுக்கு 14 நாள் தரும் பிரைமாகுயின் மாத்திரை, ஜி6பிடி என்ற நொதி குறைந்தவரின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சோதனை இல்லாமல் ஊருக்கே மாத்திரை என்று ஒருவர் புரிந்துகொண்டால் பாதிப்பு அங்கேதான் வரும்.