வழக்கு வந்தால்தான் வாய் திறக்கும் நீதிமன்றம்

1793ஆம் ஆண்டு பிரான்சும் பிரிட்டனும் போரில் இறங்கின. புதிதாகப் பிறந்திருந்த அமெரிக்கா இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்கத் துறைமுகங்களில் போர்க்கப்பல்களை ஆயத்தம் செய்யலாமா? பிரான்சோடு செய்துகொண்ட பழைய ஒப்பந்தம் எதுவரை கட்டுப்படுத்தும்? இப்படி 29 கேள்விகள் திரண்டன. அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனுக்காக வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெஃபர்சன், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் யோசனையைக் கேட்டு எழுதினார். ஆகஸ்ட் 8ஆம் தேதி தலைமை நீதிபதி ஜான் ஜேயும் சக நீதிபதிகளும் மறுத்துவிட்டார்கள். அரசின் மூன்று அங்கங்களும் ஒன்றையொன்று கட்டுக்குள் வைக்க வேண்டியவை. கடைசித் தீர்ப்பைச் சொல்ல வேண்டிய நீதிபதிகள் வழக்குக்கு வெளியே முன்கூட்டியே கருத்துச் சொல்வது தகாது என்பது அவர்களின் பதில்.

கேட்கச் சொன்ன வாஷிங்டனோ நாட்டைப் பெற்றுத் தந்த தளபதி. அவருக்கே இல்லையென்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் இன்றுவரை அந்த வழியிலிருந்து விலகவில்லை.

அரசமைப்பின் 3ஆம் பிரிவு நீதித்துறைக்குக் கொடுப்பது 'வழக்குகள்', 'தகராறுகள்' ஆகியவற்றைத் தீர்க்கும் அதிகாரம். ஆகவே ஒரு சட்டம் எவ்வளவு மோசமானதாக இருந்தாலும் நீதிபதி தானாக எழுந்து அதைத் தள்ளுபடி செய்ய முடியாது. நேரடியாகப் பாதிக்கப்பட்ட ஒருவர் வாசலுக்கு வர வேண்டும். அந்தப் பாதிப்பு எதிராளியின் செயலால் வந்திருக்க வேண்டும். தீர்ப்பால் அது தீரவும் வேண்டும். ஒரு குடிமகனாக எனக்கு இது பிடிக்கவில்லை என்பது போதாது.

வந்த வழக்கும் கையை விட்டுப் போகலாம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென் மாநிலங்கள் ராணுவ ஆட்சியில் இருந்தன. மிசிசிப்பியில் அந்த ஆட்சியைக் கடுமையாகத் தாக்கி எழுதிய வில்லியம் மெக்கார்டில் என்ற பத்திரிகை ஆசிரியரை 1867இல் ராணுவம் கைது செய்தது. அவரது ஆட்கொணர்வு மனு மேல்முறையீடாக உச்ச நீதிமன்றத்துக்கு வந்து, 1868 மார்ச்சில் வாதங்களும் முடிந்தன. ராணுவ ஆட்சிச் சட்டமே செல்லாது என்று தீர்ப்பு வந்துவிடுமோ என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அஞ்சியது. மேல்முறையீட்டுக்கு வழிசெய்த சட்டப் பகுதியையே நீக்கியது. அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் ஒப்புதல் மறுத்தும், மார்ச் 27ஆம் தேதி அதை மீறி நிறைவேற்றியது. மறு ஆண்டு தலைமை நீதிபதி சால்மன் சேஸ், எங்களுக்கு இதை விசாரிக்கும் அதிகாரம் இப்போது இல்லை என்று வழக்கை முடித்தார். விதிவிலக்குகளை வகுக்கும் உரிமையை அதே 3ஆம் பிரிவு காங்கிரஸுக்குக் கொடுத்திருக்கிறது. அப்படியிருந்தும், தீர்ப்புக்குக் காத்திருக்கும் வழக்கை நீதிபதிகளின் மேசையிலிருந்தே உருவிக்கொண்டு போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

சில வேளைகளில் நீதிமன்றமே ஒதுங்கிக்கொள்கிறது. ஆளுங்கட்சி தன் வெற்றிக்கு வசதியாகத் தொகுதி எல்லைகளை வளைத்து வரைவது பற்றிய வழக்கில், இது அரசியல் கேள்வி, அளந்து சொல்ல எங்களிடம் அளவுகோல் இல்லை என்று 2019இல் 5க்கு 4 என்ற கணக்கில் கைவிரித்தது. வாக்குப்பெட்டியால் திருத்த முடியாதபடி வாக்குப்பெட்டியையே வளைத்தவர்களை வேறு யார் தடுப்பது? அந்த நான்கு நீதிபதிகளின் பக்கமே நான்.

தீர்ப்பு எழுதிய பிறகும் அதை நடத்திக்காட்ட நீதிமன்றத்திடம் படையோ பணமோ கிடையாது. செரோக்கி பழங்குடியினரின் நிலத்தில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்று 1832இல் தீர்ப்பு வந்தது. வழக்கில் வென்ற பாதிரியார் சாமுவேல் வொர்செஸ்டர், ஆளுநர் மன்னித்து விடுவித்த 1833 ஜனவரி வரை சிறையிலேயே கிடந்தார். 1838இல் செரோக்கிகள் மேற்கே விரட்டப்பட்டார்கள். 1957இல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில், இனப் பாகுபாட்டுக்கு எதிரான தீர்ப்பின்படி பள்ளிக்கு வந்த ஒன்பது கறுப்பின மாணவர்களை மாநில ஆளுநரின் ஆட்கள் தடுத்தார்கள். அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பினார். துப்பாக்கி ஏந்திய வீரர்கள் சூழ்ந்து வர, அந்தப் பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள்.