ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு எப்போது லீவு?

திங்கட்கிழமை காலை ஓ.பி.யில் கூட்டம் அதிகமாக இருக்கும் என்பது மருத்துவர்கள் எல்லாரும் அறிந்ததுதான். மயிலாடுதுறைப் பக்கம் பொது மருத்துவம் பார்க்கும் எனக்கு அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. இடுப்பு வலி, தலைவலி, ஏறிப்போன பிரஷர் என்று வரும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களிடம் "நேற்றாவது ஓய்வெடுத்தீங்களாம்மா?" என்று கேட்டால் பலர் சிரித்துவிடுவார்கள். "நேத்து ஞாயித்துக்கிழமை ஆச்சே டாக்டர், எங்க உட்கார்றது?" என்பார்கள்.

ஓய்வுக்கென்று வைத்த நாள், ஓய்வெடுக்க முடியாததற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

அந்த நாளைக் கொஞ்சம் விசாரித்தால் புரியும். விடியுமுன் எழுந்து டிபன், பிள்ளைகளின் துணிக்கு இஸ்திரி, மாமியாருக்கு வெந்நீர். எட்டரை மணி ஆராதனை. அது முடிந்தால் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். வீட்டுக்கு வரும்போது கறியும் மீனும் வாங்கி வைக்கப்பட்டிருக்கும், கழுவுவதில் இருந்து அவருடைய பொறுப்பு. ஞாயிறு மதியம் கறிக்குழம்பு இல்லாத வீடு டெல்டாவில் குறைவு. சாப்பிட்டு முடித்து மற்றவர்கள் டிவி முன்னால் சாயும்போது அவர் பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பார். சாயங்காலம் ஜெபக்கூட்டம். அப்புறம் மறுநாள் பள்ளிக்கு மாவு ஆட்ட வேண்டும்.

பைபிளின் பத்துக் கட்டளைகளில் ஓய்வு நாளைப் பற்றிய பகுதிதான் நீளமானது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் ஒரு பட்டியலே இருக்கிறது: நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், உன்னிடத்தில் இருக்கிற அந்நியன். மனைவி என்ற சொல் அதில் இல்லை. 'நீ' என்பதிலேயே அவரும் அடக்கம் என்று விளக்கம் சொல்வார்கள். சரி, ஆனால் நம் வீடுகளில் அப்படி அடங்கவில்லை. உபாகமம் 5ஆம் அதிகாரம் இதே கட்டளையைத் திரும்பச் சொல்லும்போது, எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்று காரணமும் காட்டுகிறது. வேலைக்காரரும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்பதே அங்கே நோக்கம். இன்னொருவர் உழைப்பின் மேல் படுத்துக்கொண்டு எடுக்கும் ஓய்வை அந்தக் கட்டளை கேட்கவில்லை.

வயல் வேலை செய்பவர்கள் வேறொரு நியாயம் சொல்வார்கள். "அறுப்பு நேரத்துல ஞாயிறாவது ஒன்னாவது?" சம்பா அறுவடையின்போது மிஷின் கிடைக்கிற நாள்தான் நாள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, மழை வருமோ என்று வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரிடம் ஓய்வு பற்றிப் பேச எனக்கே தயக்கம்தான். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321இல் ஞாயிற்றுக்கிழமையை நகரங்களுக்கு ஓய்வு நாளாக அறிவித்தபோதுகூட, பருவம் தவறிவிடும் என்று விவசாயிகளுக்கு விலக்கு கொடுத்தார். யாத்திராகமம் 34:21 அந்த விலக்கைக் கொடுக்கவில்லை. விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திரு என்கிறது. மனிதர்கள் எந்த நேரத்தில் சாக்குச் சொல்வார்கள் என்று தெரிந்தே எழுதியது போல இருக்கிறது. துரவில் விழுந்த எருதை ஓய்வு நாளில் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசு கேட்டது உண்மை. நெல் நனைகிற நாள் அப்படிப்பட்ட நாள். ஆனால் எல்லா வாரமும் எருது துரவில் விழுவதில்லை.

மருத்துவமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். இது சம்பள வேலைக் கணக்கு. அடுப்படி நேரம் இதில் சேரவில்லை.

போதகர்களையும் சொல்ல வேண்டும். ஒரு குருசேகரத்தின், அதாவது ஒரே போதகரின் பொறுப்பில் உள்ள வட்டாரத்தின், கிளைச் சபைகளுக்கு டூவீலரில் ஓடி, ஒரே காலையில் இரண்டு மூன்று ஆராதனை நடத்தும் போதகருக்கு ஞாயிறு வேலை நாள்தான். அவருக்குத் திங்களோ வேறொரு நாளோ ஓய்வாக இருக்கட்டும். அன்றைக்குச் சாவு தவிர வேறெதற்கும் அவரைக் கூப்பிடுவதில்லை என்று சபைக் கமிட்டியே முடிவெடுக்கலாம். அவராகக் கேட்க மாட்டார்.

இடையில் ஓர் எச்சரிக்கை. ஆராதனையில் திருவிருந்து (நற்கருணை) எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் பெரியவர்கள் நம் ஊரில் உண்டு. வழக்கமான சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அல்லது இன்சுலின் போட்டுக்கொண்டு, பதினொரு மணிவரை சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து ஆலயத்திலேயே மயங்கி விழலாம். கத்தோலிக்கச் சபைச் சட்டப்படி நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசம்தான். தண்ணீரும் மருந்தும் அதில் தடையில்லை, முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை. மற்ற சபையினர் உங்கள் ஆயரைக் கேளுங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வார்.

எங்கே தொடங்குவது? யூதர்களுக்கு ஓய்வு நாள் முந்தின சாயங்காலமே ஆரம்பித்துவிடும். அதற்கு முந்தியது ஆயத்த நாள். நமக்குச் சனிக்கிழமை ஆயத்த நாளாக இருக்கட்டும். துணி, மாவு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் சனி மாலைக்குள் முடியட்டும், அதில் கணவருக்கும் பையன்களுக்கும் பங்கு இருக்கட்டும். கறிக்குழம்பைச் சனி இரவுக்கு மாற்றிவிட்டு, ஞாயிறு மதியம் ரசமும் அப்பளமும் போதும் என்று வைத்துக்கொண்ட வீடுகள் எனக்குத் தெரியும். முதல் வாரம் முணுமுணுப்பு இருந்ததாம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு அன்றைக்குச் சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுங்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு இது தர்மம் மட்டுமில்லை. வேலையாளுக்கு வாரம் ஒரு முழு நாள் விடுமுறை தர வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்.

இப்படிச் சில வாரம் ஓய்வெடுத்தும் அசதி போகவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றால் அதை வேலைக் களைப்பு என்று தள்ளிப்போடாதீர்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பிரஷர் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். திங்கட்கிழமைதான் வர வேண்டும் என்றில்லை. செவ்வாய், புதனில் வந்தால் கூட்டம் குறைவு, நிதானமாகப் பேசலாம்.